பாலிக்குப் புறப்பட்ட பை

...அத்த விடுங்க சார், ஊட்ட பூட்டிகினு போறது தப்புன்னு நான் சொல்லல. அவங்கவங்க ஊடு, அவங்கவங்க பூட்டு. ஆனா அடுத்தவன் பாஸ்போர்ட்ட உள்ள வெச்சி பூட்டிகினு போலாமா? நாயமா இது? நீங்களே சொல்லுங்க... இல்ல, இருங்க. மொதல்ல நான் முழுசா சொல்லிடறேன், அப்பறம் சொல்லுங்க.

கொஞ்சம் நவுந்துக்கறீங்களா? ஆங், போதும். அமாவாசன்னா இந்த மலையனூர் பஸ்ஸுல மூச்சு விடவே டோக்கன் போடணும். உங்களுக்கு ஜன்னலோரம், குடுத்து வெச்சவரு. மடியில இன்னா, எலுமிச்சம் பழ மாலையா? அங்காளம்மாக்கா? நல்லா போடுங்க. நான் சாமி கும்பிட வரல சார். நான் ஒரு பொம்பளைய தேடிகினு போறேன்... ஐயய்யோ, அப்படி பாக்காதீங்க! பக்கத்து ஊட்டம்மா. அன்புக்கரசின்னு பேரு. மாசம் தவறினாலும் அமாவாசைக்கு மலையனூர் தவறாது. காலைல போனா ராத்திரி அம்மன் ஊஞ்சல் ஆடறத பாத்துட்டு, விடிய விடிய அங்கியே கெடந்துட்டு, மறுநாள்தான் வரும். போன் பண்ணா? பண்ணனே! பூட்டின ஊட்டுக்குள்ள இருந்து அடிக்குது. போன ஊட்லயே வெச்சிட்டு போயிருக்குது. ஜன்னல் வழியா பாக்கறேன், போனு டிவி மேல மினுக்கு மினுக்குனு எரியுது, அதுக்குக் கீழ எங்க பை! நீலக் கலர் பை. கைய உட்டா எட்டற தூரம்... எட்டலியே.

அந்தப் பையிலதான் சார் மூணு பாஸ்போர்ட்டும் இருக்குது. எனுது, எங்கூட்டுக்காரி கலைமதியுது, பொண்ணு நிலாவுது. இன்னிக்கி ராத்திரி பதினொன்ற மணிக்கி மெட்ராஸ்ல ஃப்ளைட்டு. மூணு மணிக்கி ஊட்டாண்ட காரு வந்துடும். இப்ப மணி என்ன? பதினொன்னு இருபது. பாருங்க, பாதி வழி, இன்னும் வளத்தி ஊரே வரல. இவன் ஓட்டறானா, தள்ளறானா?

எங்கன்னு கேக்கலியே நீங்க. பாலி. பாலித் தீவு. இந்தோனேசியா. நடுவுல மலேசியால எறங்கி வேற ஃப்ளைட்டு மாறணும். நான் எட்டாவதுதான் சார், ஆனா கேளுங்க, எந்த நாட்டுக்கு எது தலைநகரம்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். எப்படின்னா, நான் தூங்கறதே இல்ல. சிங்கவரம் ரோட்டுல ஒரு நெல்லு குடோன் இருக்குது பாருங்க, அங்க நைட் வாட்ச்மேன். பத்தொன்பது வருஷமா. மூட்டைக்கும் எலிக்கும் நடுவுல ஒரு ட்யூப் லைட்டு, ஒரு சேரு. பொட்டலம் கட்டற பழைய பேப்பர் கட்டு கட்டா வரும், ஒன்னு உடாம படிச்சிடுவேன். ஆனா படிச்சத சொல்ல ஆளு வேணும் இல்ல? எலிகிட்ட சொன்னா கேக்குமா? அதான் பகல்ல கொஞ்சம்... கொஞ்சம்தான்... பேசிடறேன்.

பேரு ராஜாராம். சிரிக்காதீங்க. நம்ம செஞ்சிக் கோட்டையில எட்டு வருஷம் முற்றுகையில கெடந்தாரே, அந்த மராட்டிய ராஜா பேரு. அவரு எட்டு வருஷத்துல தப்பிச்சி ஓடிட்டாரு. நான் பத்தொன்பதாவது வருஷம் இன்னிக்கிதான் தப்பிக்கப் பாத்தேன். அதுக்குள்ள பூட்டிட்டாங்க.

இன்னா... சட்டைய காட்டறீங்க? தெரியும் தெரியும். பூப்போட்ட சட்ட. தென்ன மரம், கிளி, செம்பருத்தி எல்லாம் இருக்குது. எம்பொண்ணு வாங்கியாந்தது. "நைனா, அங்க எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க"ன்னா. அங்க போடுவாங்க சரி, செஞ்சி பஸ் ஸ்டாண்டுல போடுவாங்களா? ரெண்டு பேரு என்ன பாத்து ஜூஸ் கடை எங்க தொறந்திருக்கீங்கன்னு கேட்டுட்டாங்க. காலைல டூட்டி முடிச்சி வந்து, குளிச்சிட்டு, ஆறு மணிக்கே மாட்டிகினேன். மூணு மணி காருக்கு ஆறு மணிக்கே ரெடி. அது என் பழக்கம். நம்மளால ஒரு காரியம் கெட்டுச்சின்னு இருக்கக்கூடாது பாருங்க.

முன்னாடி ரெண்டு வாட்டி கெட்டுப்போச்சி சார். ஒரு வாட்டி கொடைக்கானலு. ஸ்வெட்டர் வரைக்கும் வாங்கியாச்சி. அன்னிக்கினு பாத்து நாலு லாரி நெல்லு வந்து எறங்குது, மொதலாளி போவாதேன்னுட்டாரு. இன்னொரு வாட்டி கன்னியாகுமரி. எனக்கு பதிலா வர்றேன்னு சொன்னவன் வரல. கலைமதி பஸ் ஸ்டாண்டுல பையோட மூணு மணி நேரம் நின்னுட்டு, திரும்பி வந்து, அந்தப் புளிசாதத்த தெருவுக்கே பங்கு வெச்சா. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா கூட தேவல.

இந்த வாட்டி நிலா சம்பாதிக்குது இல்ல, மெட்ராஸ்ல கம்பெனியில... அதுவே எல்லாம் போட்டுடுச்சி. போன்ல ஒரு பேப்பரு அனுப்புது. மொத நாளு கடற்கர. ரெண்டாம் நாளு கோயிலு, நடனம், கலாச்சாரம். மூணாம் நாளு பாருங்க, "ஓய்வு"ன்னு போட்டிருக்குது. இன்னாம்மா இதுன்னேன். "அன்னிக்கி ஒன்னும் கெடையாது நைனா, சும்மா இருக்கணும்." சும்மா இருக்கறதுக்கு கடல் தாண்டி போவணுமா சார்? அதுவும் வெயிலு ஊருலருந்து வெயிலு ஊருக்கு! நம்ம ஊரு பாறை போதாதா? பங்குனி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கி ராஜகிரி கோட்ட மலை பக்கத்துலருந்து அனல் வீசுது, அடுப்பு மேல ஊர கட்டி வெச்சா மாதிரி. கடல் வேணும்னா பாண்டிச்சேரி, காலைல போனா மத்தியானம் சோத்துக்கு வந்துடலாம். கோயிலு வேணும்னா மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் கொடஞ்ச குகை இருக்குது, அதோட பெரிய கலாச்சாரமா? ...பாத்ததில்ல. இல்ல, நான் பாத்ததில்ல. ராஜகிரியும் ஏறினதில்ல. பகல்ல தூங்கணும் இல்ல சார்!

கலைமதிக்கி கோயிலும் வேணாம் கடலும் வேணாம். அவளுக்கு ஆச எதுல வந்துச்சி தெரியுமா? நான்தான் படிச்சி சொன்னேன். அந்த ஊருல வருஷத்துல ஒரு நாளு ஊரே சத்தமில்லாம இருக்குமாம். யாரும் வெளிய வர மாட்டாங்களாம், வெளக்கு ஏத்த மாட்டாங்களாம், வண்டி ஓடாதாம், ஏரோப்ளேன் கூட எறங்காதாம். எல்லாரும் ஊட்டுக்குள்ள இருட்டுல சும்மா ஒக்காந்திருப்பாங்களாம். இவ கரண்டிய கீழ வெச்சிட்டு, "எப்ப அது?"ன்னா. நாம எறங்கறதுக்கு மொத நாளே முடிஞ்சிடுதுன்னேன். மொகம் செத்துப்போச்சி சார். "ஒரு நாளு முன்னாடி போவக்கூடாதா? நீங்க ஊட்லயும் இருந்து, பேசாமலும் இருக்கற ஒரு நாள நான் பாத்துட்டு செத்துடுவேன்"ன்னா. பாத்தீங்களா வாய? என்ன போய் வாயாடின்னு சொல்றா!

ஆனா... சொல்றதுல ஒன்னும் தப்பில்ல. பத்தொன்பது வருஷமா ராத்திரில அவ ஒருத்தியாத்தான் படுக்கறா. ட்யூப் லைட்ட எரிய உட்டுத்தான் தூங்குவாளாம். நிலாதான் சொல்லுச்சி. எனக்கு தெரியாது. எம் பொண்டாட்டி ராத்திரில எப்படி தூங்குவான்னு எனக்கு தெரியாது சார். நாலு ராத்திரி. அந்தப் பேப்பர்ல எனக்கு புடிச்சது அந்த ஒரு வரிதான். நாலு ராத்திரி, அஞ்சு பகல்.

ஸ்ஸ்... இருங்க. நெஞ்சு படபடங்குது. கிர்ர்ர்னு... இதோ, இங்க. காலைலருந்து இப்படித்தான். டென்ஷன் வந்தா எனக்கு இப்படி ஆயிடும். கொஞ்ச நேரம் துடிக்கும், நின்னுடும், மறுபடி துடிக்கும். பேப்பர்ல படிச்சிருக்கேன், இதுக்கு பேரு கூட... தண்ணியா? வேணாம் சார், நல்ல மனுசன் நீங்க. டாக்டர்கிட்ட பாலியிலருந்து வந்து காட்டிக்கறேன். போவ முடிஞ்சா.

இன்னா சொல்ல வந்தீங்க? பை எப்படி அங்க போச்சின்னா? அதான சொல்ல வரேன்! இன்னிக்கி சனிக்கிழம. சனிக்கிழம கிழக்க சூலம். பாலி எந்தப் பக்கம்? கிழக்கு. போதாக்குறைக்கு சிம்ம ராசிக்கி சந்திராஷ்டமம். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க கெடையாது சார், எழுதி வெச்சிக்குங்க. டிக்கெட் போட்டது நிலா, அது காலண்டர பாத்தா போட்டுது? எது சீப்போ அத போட்டுது. அப்ப இன்னா பண்றது? நம்ம ஊருல ஒரு வழி இருக்குது இல்ல? கெளம்பற நாளு சரியில்லன்னா, அதுக்கு முன்னாடி ஒரு நல்ல நாளா பாத்து, நல்ல நேரத்துல, கொண்டு போற சாமான அடுத்த ஊட்ல கொண்டு போய் வெச்சிட்டா, அப்பவே பயணம் கெளம்பிட்டதா கணக்கு. அப்பறம் ஆளு எப்ப வேணா போலாம், தோஷம் இல்ல. வியாழக்கிழம காலைல நல்ல நேரம். பைய கொண்டு போய் அன்புக்கரசி ஊட்ல வெச்சாச்சி.

யாரு வெச்சாங்களா... வெச்சாங்க. ஊட்டுல பொம்பளங்க இருந்தா இதெல்லாம் நடக்கறதுதான, நாம இன்னா பண்ண முடியும்? வுடுங்க.

பாஸ்போர்ட்ட ஏன் உள்ள வெக்கணும்னு நீங்க கேக்கலாம். கரெக்டான கேள்வி. ஆனா யோசிங்க. வெறும் துணிய கொண்டு போய் வெச்சா துணிதான கெளம்பும்? வெளியூருக்கு வேணா துணி போதும். வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட்டு இல்லாம எப்படி கெளம்பினதா ஆவும்? சட்டப்படி ஆவாது இல்ல? ...அப்படின்னு ஒரு எண்ணம். எண்ணம் வந்தவங்களுக்கு.

மறுபடியும் சட்டையா? சார், பொறுத்துக்குங்க, அந்தக் கிளி கொஞ்சம் கண்ண குத்துதுதான்.

இன்னிக்கி காலைல கூத்த கேளுங்க. ஆறு மணிக்கி சட்டைய மாட்டிகினு வாசல்ல நிக்கறேன், கலைமதி கோலம் போட்டுகினு இருக்கறா. அன்புக்கரசி தலைக்கி குளிச்சிட்டு, கூடையோட வருது. "அண்ணே, நான் மலையனூர் போறேன், இந்தாங்க..."ன்னு என்னமோ ஆரம்பிச்சிது. நான் போய்ட்டு வாம்மான்னேன். அந்தம்மா எதயோ சொல்ல வாய தொறக்குது, நான் பாலிய பத்தி நாலு விஷயம் சொன்னேன். நாமளும் சொல்லணும் இல்ல, பைய வெச்சிக்கிட்டவங்க, ஒரு மரியாத! எரிமலை இருக்குது, நெல்லு படி படியா நடுவாங்க, நம்மள மாதிரியே வாசல்ல தெனம் பூ வெப்பாங்க... கால் மணி நேரம் இருக்கும். அந்தம்மாவுக்கு மொத பஸ்ஸே போயிடுச்சி. தலைல அடிச்சிகினு போயிடுச்சி. பத்து மணிக்கி கலைமதி "பைய கொண்டாந்துடுங்க"ன்றா. போய் பாத்தா, ஆம்பள முட்டி மாதிரி பூட்டு தொங்குது!

ஒடைக்கலாம்னேன். கலைமதி உடல. அடுத்தவங்க ஊட்டு பூட்ட ஒடைச்சிட்டு கோயில் பாக்க போவணுமான்னா. நான் உடனே ஓட ஆரம்பிச்சிட்டேன் சார், மலையனூருக்கு. பின்னாடியே "நில்லுங்க, நில்லுங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க"ன்னு கத்திகினே வரா. நின்னா ஆவுமா? திட்டு வாங்க எனக்கு நேரம் இருக்குதா? இதோ இந்த பஸ்ஸு நவுந்துகினு இருந்துச்சி, பாஞ்சிட்டேன். போன கூட சத்தம் வராம பண்ணி வெச்சிட்டேன். திட்டறதுன்னா ராத்திரி ஃப்ளைட்டுல ஒக்காந்து நிம்மதியா திட்டட்டும்.

ஆனா ஒன்னு சார், லட்சம் பேரு கூடற எடத்துல எப்படி கண்டுபுடிக்கறது? மைக்குல சொல்ல சொல்லலாமா? "செஞ்சியிலிருந்து வந்திருக்கும் அன்புக்கரசி எங்கிருந்தாலும் சாவியுடன் மேடைக்கு வரவும்"... அந்தம்மா சாமி வந்து ஆடிகினு இருந்தா? சாமிகிட்ட போய் சாவி கேக்கறதா?

ஸ்ஸ்ஸ்... மறுபடியும் பாருங்க. கிர்ர்ர்... கிர்ர்ர்... இந்த வாட்டி கணகணன்னு சத்தம் வேற கேக்குது. நெஞ்சுலருந்து இப்படி இரும்பு சத்தம் வருமா சார்? உங்களுக்கே கேக்குதா? ஐயோ, உங்களுக்கே கேக்குதுன்னா முத்திடுச்சி... ஏன் சார் இப்படி தொடறீங்க, கூச்சமா இருக்குது... பாக்கெட்டா? பாக்கெட்டுல இன்னா?

போனு.

பதினேழு மிஸ்டு கால். எல்லாம் கலைமதி.

அப்ப இவ்ளோ நேரம் நீங்க காட்டினது கிளிய இல்லியா?

இருங்க, கூடவே எதோ... இது இன்னா? சாவி. வேப்பங்கொட்ட சைஸுல ஒரு குட்டி வெண்கல மணி கோத்த சாவி. இது எங்க சாவி இல்லியே. இது... இது அன்புக்கரசி...

இத கொஞ்சம் கையில புடிங்க சார். கெட்டியா புடிங்க. மறுபடியும் கூப்புடறா.

ஹலோ... ஆங், நான்தான்... இல்ல, வளத்தி வரல... ஆமா... ஆமா, இப்பதான் பாத்தேன்... எங்கிட்டதான் குடுத்துச்சா? காலைலயேவா? நீ பாத்தியா? கோலம் போட்டுகினே பாத்தியா? அப்ப அப்பவே சொல்றதுக்கு இன்னா?... எங்க சொல்ல உட்டேனா?... சரி... சரி... "நில்லுங்க நில்லுங்க"ன்னது இதுக்குத்தானா... ஏய், சிரிக்காத. அழறியா சிரிக்கறியா, சரியா கேக்கல... சரிடி, நான்தான். நான்தான் பைய வெச்சேன். நல்ல நேரம் பாத்ததும் நான்தான். பாஸ்போர்ட்ட உள்ள திணிச்சதும் நான்தான். சந்திராஷ்டமம் எனக்குத்தான், உனக்கில்ல. போதுமா?... நம்பிக்க இல்லதான்... இல்லதான், ஆனா இதுவும் கெட்டுப்போயிடுமோன்னு ஒரு... ரெண்டு வாட்டி நீ பையோட திரும்பி வந்த இல்ல... மூணாவது வாட்டியும் என்னாலன்னு ஆயிடக்கூடாதுன்னுதான்டி... சரி, வெச்சிடு. வரேன். வெச்சிடு, நான் பேசல.

...

பாத்தீங்களா சார். திட்டவே இல்ல. பதினேழு வாட்டி கூப்ட்டவ, திட்டல. "சீக்கிரம் வாங்க, புளிசாதம் கட்டிட்டேன்"ன்னா. நிலா வேணாம்னு சொல்லுச்சி, இவ கட்டிட்டா.

எனக்கு இன்னா தோணுதுன்னா... அந்தம்மா சாவிய எங்கையில குடுத்துட்டு, வாயத் தொறந்து சொல்ல வந்துச்சி. நான் எரிமலைய பத்தி பேசிகினே வாங்கி பாக்கெட்டுல போட்டுட்டேன். பத்தொன்பது வருஷத்துல கலைமதி எத்தன வாட்டி இப்படி எதயாவது சொல்ல வந்திருப்பா? நான் காதுல வாங்காமயே பாக்கெட்டுல போட்டு வெச்சது எவ்ளோ இருக்கும்? அந்த ஊருல மொத ராத்திரி நான் வாய தொறக்கப் போறதில்ல சார். லைட்ட அணைச்சிட்டு ஒக்காந்துக்கறேன். அவ பேசட்டும். இல்ல தூங்கட்டும். நான் பாத்துகினு இருக்கறேன். எப்படியும் எனக்கு தூக்கம் வராது.

கண்டக்டர்! கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கணும். மலையனூர் டிக்கெட்டுதான், தெரியுது, பரவால்ல, மீதிய உண்டியல்ல போட்டுடுங்க. அதோ பாருங்க, எதுத்தாப்புல செஞ்சி பஸ்ஸெல்லாம் காலியா வருது. ஏறினா அர மணியில ஊட்டாண்ட. ஏன்னு கேக்கறீங்களா? அது பெரிய கதைங்க, வியாழக்கிழம காலைல... சரி சரி, புடிச்சி தள்ளாதீங்க, எறங்கறேன்.

சார்! வரேன் சார்! அங்காளம்மாகிட்ட எங்க மூணு பேருக்கும் சேத்து வேண்டிக்குங்க! சிம்ம ராசி, மக நட்சத்திரம்!

இன்னா சார், ஜன்னல்ல கைய நீட்டி ஆட்டறீங்க? டாட்டாவா? டாட்டா, டாட்டா! நல்லபடியா போய்ட்டு வாங்க! ஆட்டறது கூட அந்தச் சாவி மணி மாதிரி கணகணன்னு என்ன அழகா... 

இருங்க.

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, ஒரு நிமிஷம்.

சார், இந்த வாட்டி நான் வாய மூடிக்கறேன். நீங்க சொல்லுங்க.